பேய்ப் படம் பார்த்துவிட்டு அலறி எழும் பிள்ளை: இரவில் செய்ய வேண்டியதும் பகலில் செய்ய வேண்டியதும்

பிள்ளை நடு இரவில் அலறி எழுந்தால் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது விபூதிக் கிண்ணம். மறுநாள் சாயங்காலம் ஆயா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார். மூன்றாம் நாளும் அலறினால், 'எங்கேயோ பயந்திருக்கிறது' என்று பேச்சு கிளம்பும். புளியமரத்தடி, சுடுகாட்டு வழி, உச்சி வேளையில் ஆற்றங்கரை என்று ஊரில் உள்ள எல்லா இடங்களும் விசாரிக்கப்படும். போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்த பேய்ப் படத்தை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

கடலூரில் சிறு வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். திங்கட்கிழமை காலையில் கண் சிவந்து, பெஞ்சில் தலை சாய்த்துக்கிடக்கும் பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தால், பத்துக்கு ஏழெட்டுத் தடவை ஒரு படமோ, கைப்பேசியில் பார்த்த ஒரு துண்டுக் காட்சியோதான் வெளியே வருகிறது. பெற்றோர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: கனவை இரவில் சரிசெய்ய முடியாது. இரவில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. பகலில் செய்ய வேண்டியதுதான் நிறைய. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அரை மணி நேரம் விளக்கம். பகலில் பெரியப்பா மகன் முதல் பக்கத்து வீட்டு அத்தை வரை எல்லோரும் கேலி.

அலறுவதெல்லாம் கெட்ட கனவா?

முதலில் இதைப் பிரித்தறிய வேண்டும். பார்க்க ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டுக்கும் மருந்து வேறு.

கெட்ட கனவு பெரும்பாலும் பின்னிரவில், விடியலை ஒட்டி வரும். கண்கள் மூடிய இமைக்குள் உருண்டு அசையும் கனவுத் தூக்கம் அந்த நேரத்தில்தான் அதிகம். பிள்ளை முழுதாக விழித்துக்கொள்ளும், உங்களை அடையாளம் காணும், கழுத்தைக் கட்டிக்கொள்ளும். என்ன கண்டது என்று சொல்லும். காலையிலும் நினைவிருக்கும். மறுபடி தூங்கப் பயப்படும்.

இன்னொன்று தூக்கத் திடுக்கம். இது படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து வரும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து வீறிடும். கண் திறந்திருக்கும், ஆனால் உங்களைப் பார்க்காது, தொட்டால் தள்ளிவிடும். வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். சில நிமிடங்களில் அப்படியே சாய்ந்து தூங்கிவிடும். காலையில் கேட்டால் "நானா?" என்று விழிக்கும். வீட்டில் உள்ளவர்கள் 'பேய் பிடித்துவிட்டது' என்று நடுங்குவது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். இதில் பிள்ளையை உலுக்கி எழுப்பக் கூடாது, முகத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது. கட்டிலிலிருந்து விழாமல், இடித்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருந்தால் போதும். காய்ச்சல், தூக்கக் குறைவு, களைப்பு இவையெல்லாம் இதைத் தூண்டும். அது ஓய்ந்தபின் படத்தைப் பற்றிப் பிள்ளையிடம் விசாரிப்பதில் பயனில்லை. மறுநாள் அரை மணி நேரம் முன்னதாகப் படுக்கவைப்பதில் பயன் உண்டு.

இனி சொல்லப்போவதெல்லாம் முதல் வகைக்கு.

இரவு இரண்டு மணிக்கு

போங்கள், அணைத்துக்கொள்ளுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "கனவு கண்டாய் கண்ணு, அம்மா பக்கத்தில்தான் இருக்கிறேன்" என்பதற்கு மேல் பேச்சு வேண்டாம். ஒரு வாய் தண்ணீர். சிறுநீர் கழிக்க வேண்டுமா என்று கேட்டு, கூடவே போய் வாருங்கள். பயத்தில் அடக்கிக்கொண்டு படுத்து, விடியலில் பாயை நனைத்துவிட்டு, அதற்கும் திட்டு வாங்கும் பிள்ளைகள் அநேகம்.

பெரிய விளக்கைப் போடாதீர்கள், சிறு விளக்கு போதும். டிவியைப் போட்டு 'நல்ல படம்' காட்டாதீர்கள். கனவைக் கதையாகச் சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். சொல்லச் சொல்ல அது மறுபடி கண் முன்னால் ஓடும். தானாகச் சொன்னால் கேட்டுக்கொண்டு, "காலையில் நாம் இதைப் பற்றிப் பேசுவோம்" என்று மூடுங்கள். மிக முக்கியம்: கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து, பீரோவைத் திறந்து, "பார், இங்கே பேய் இல்லை" என்று தேடிக் காட்டாதீர்கள். தேடும் அளவுக்கு அது இருக்கக்கூடிய ஒன்றுதான் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

விபூதி பூசலாமா என்றால் தாராளமாகப் பூசுங்கள். பழகிய கை, பழகிய வாசனை, பழகிய முணுமுணுப்பு. சின்னப் பிள்ளையை இவை ஆற்றும். தர்காவில் ஓதிய தண்ணீரோ, மாதா படமோ, உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அது. என் எல்லைக்கோடு ஒன்றுதான்: 'உன்னை ஏதோ பிடித்திருக்கிறது' என்ற வாக்கியம் பிள்ளையின் காதில் விழக் கூடாது. அதைக் கேட்ட நிமிடத்திலிருந்து, திரையில் இருந்தது வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதைப் பெரியவர்களே உறுதிசெய்துவிட்டதாக ஆகிறது.

எந்தக் காட்சி?

பகல் வேலை இங்கே தொடங்குகிறது. பிள்ளை சாப்பிட்டுவிட்டு நல்ல மனநிலையில் இருக்கும்போது, வேறு வேலை செய்துகொண்டே கேளுங்கள். கீரை ஆய்ந்துகொண்டோ, சில்வர் பீச் மணலில் நடந்துகொண்டோ கேட்டால் வரும் பதில், எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வராது. "எந்தப் படம்?" என்பதைவிட "எந்த இடம்?" என்று கேளுங்கள்.

பிள்ளைகளைப் பயமுறுத்துவது முழுப் படம் அல்ல, ஒரே ஒரு காட்சி. பெரும்பாலும் அது வீட்டில் தினமும் புழங்கும் ஒரு பொருளோடு ஒட்டியிருக்கும். என் வகுப்பில் இருந்த ஒரு சிறுமி, பல் தேய்க்கும்போது கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, தலை வார வகிடு எடுக்கும் நேரத்தில்கூடக் கண்ணை இறுக மூடிக்கொள்வாள் என்று அவளுடைய அம்மா சொன்னார். படத்தில் ஒரு பெண் முகம் கழுவி நிமிரும்போது கண்ணாடியில் பின்னால் இன்னொரு முகம் தெரியுமாம். அவ்வளவுதான். அந்தப் படத்தின் பேய்க்கு என்ன கதை, யார் கொன்றது, எதற்குப் பழிவாங்கல் என்று எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தது கண்ணாடி மட்டும். வீட்டில் ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. இரவில் கனவு வராமல் என்ன செய்யும்? காட்சியும் பொருளும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"அதெல்லாம் பொய், சினிமா" ஏன் வேலை செய்வதில்லை?

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோவான் கேன்டர் என்ற ஆய்வாளர், திரை தரும் பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவருடைய ஆய்வுகளில் நமக்கு உடனே உதவுவது ஒன்று உண்டு. ஒரு கிழவி பார்க்க அருவருப்பாக இருப்பாள், ஆனால் அன்பானவள். இன்னொருத்தி அழகாக இருப்பாள், ஆனால் கொடுமைக்காரி. இப்படி மாற்றி மாற்றிக் காட்டியபோது, மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் தோற்றத்தை வைத்தே யார் கெட்டவள் என்று முடிவு செய்தார்கள். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் நடத்தையைப் பார்த்தார்கள்.

இதை நம் ஊர்ப் பேய்ப் படங்களோடு வைத்துப் பாருங்கள். நம் படங்களில் பேய் பெரும்பாலும் நியாயவாதி. முன்கதையில் அநியாயமாகச் செத்தவள், இரண்டாம் பாதியில் வில்லனைப் பழிவாங்குவாள், நடுவில் நாலு பேர் விழுந்து புரண்டு சிரிப்பு மூட்டுவார்கள். பெரியவர்களுக்குப் பேய் மேல் இரக்கமே வருகிறது. 'காமெடிப் படம்தானே' என்று பாலர் வகுப்புப் பிள்ளையையும் கூட்டிப்போகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு நியாயமும் இல்லை, நகைச்சுவையும் இல்லை. வெள்ளை விழியும் விரித்த முடியும்தான் இருக்கின்றன. சுற்றிலும் எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் நடுங்குவது இன்னும் மோசம். அதனால் அது வாயைத் திறப்பதில்லை. முழுப் பயங்கரப் படத்தைவிடப் பேய்க் காமெடிதான் அதிகப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது என் கணிப்பு.

ஆக, சுமார் ஏழு வயது வரை விளக்கம் எடுபடாது. அணைப்பு, தண்ணீர், பிடித்த போர்வை, கையில் பொம்மை, வேறு விளையாட்டு, இவைதான் எடுபடும். எட்டு வயதுக்கு மேல் காரணம் சொல்லிப் புரியவைக்கலாம். பன்னிரண்டு, பதின்மூன்றில் பயமே இடம் மாறிவிடும்: பேயைவிடக் கடத்தல், கொலை, வீட்டுக்குள் நுழையும் ஆள் என 'நடக்கக்கூடியது' பயமுறுத்தும். அவர்களிடம் "பொய்" என்று சொன்னால் நம்பமாட்டார்கள், சொல்லவும் கூடாது. நம் வீட்டுக் கதவு, தாழ்ப்பாள், பக்கத்து வீடு, கூப்பிட வேண்டிய எண் என்று நடைமுறையைப் பேச வேண்டும்.

கனவின் முடிவை மாற்றி எழுதுவது

பெரியவர்களின் தீராத கெட்ட கனவுகளுக்கு மனநல மருத்துவத்தில் ஒரு சிகிச்சை இருக்கிறது. கனவை விழித்திருக்கும்போது எழுதி, அதன் போக்கை விருப்பம்போல் மாற்றி, மாற்றிய வடிவத்தைத் தினமும் சில நிமிடங்கள் மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது. பிள்ளைகளுக்கு இதைப் படம் வரைந்து செய்யலாம். ஐந்து வயதுக்கு மேல் யாருக்கும் சரிவரும்.

வெள்ளைத் தாளும் கிரேயானும் கொடுத்து, கனவில் வந்ததை வரையச் சொல்லுங்கள். கோரமாக வரைந்தால் தடுக்காதீர்கள். கறுப்பைப் போட்டு அழுத்தி அழுத்தித் தேய்க்கும், தேய்க்கட்டும். பிறகு கேளுங்கள்: "அடுத்து என்ன நடந்தால் உனக்குப் பிடிக்கும்?" யோசனையைப் பிள்ளையே சொல்ல வேண்டும், இதில் பெரியவர் வாய் திறக்கக் கூடாது. நாம் சொல்லும் முடிவில் சாமி வந்து சூலத்தால் குத்தும். பிள்ளை சொல்லும் முடிவு எங்கோ போகும். கண்ணாடிச் சிறுமி சொன்னது என்ன தெரியுமா? அந்த முகத்துக்குப் பல்லில் கீரை ஒட்டியிருக்கிறது, அதனால்தான் கண்ணாடி பார்க்க வருகிறது, பிரஷ்ஷைக் கொடுத்தால் தேய்த்துவிட்டுப் போய்விடும். அவள் அப்படியே வரைந்தாள், பச்சைக் கீரையோடு. எந்த மனநல நிபுணரும் இதைவிட நல்ல முடிவை எழுதியிருக்க மாட்டார்.

வரைந்த புதுப் படத்தைத் தினமும் பகலில் ஐந்து பத்து நிமிடம் பார்த்து, பிள்ளை வாயாலேயே கதையைச் சொல்லவையுங்கள். தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம். ஓரிரு வாரம் இதைத் தொடர வேண்டும். இரண்டு நாளில் கனவு வரவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்களே அதிகம்; பிறகு ஒரு மழை இரவில் மின்சாரம் போனதும் பழைய கனவு திரும்பி வந்து நிற்கிறது.

அரிதாரம் பூசுவதைக் காட்டுங்கள்

பயங்கரத் தோற்றம் எப்படிச் செய்யப்படுகிறது என்று படிப்படியாகப் பார்த்த பிள்ளைகளுக்குப் பயம் குறைகிறது என்பதும் அதே கேன்டர் குழுவின் சோதனைகளில் கண்டதுதான். சாதாரண மனிதன் ராட்சதனாக மாறும் ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஒப்பனைக் காட்சிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டியே சோதித்திருக்கிறார்கள். படப்பிடிப்புக் காணொளிகளை இணையத்தில் தேடிக் காட்டலாம்தான். ஆனால் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி காலடியில் இருக்கிறது: தெருக்கூத்து.

சுற்றுவட்டக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழா நடக்கும் கோடை மாதங்களில், கூத்து தொடங்குவதற்கு முன்பே பிள்ளையைக் கூட்டிப்போங்கள். ஆட்டத்துக்கு முன் ஒப்பனை நடக்கும் இடத்துக்குத்தான். கைலி கட்டிய ஓர் அண்ணன் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையகலக் கண்ணாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு வண்ணம் பூசி, புருவத்தை நீட்டி, மீசையை வளைத்து வரைவார். நடுவில் டீ வரும். பாதி முகம் துரியோதனனாகவும் பாதி முகம் அண்ணனாகவும் உறிஞ்சிக் குடிப்பார். அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அந்த ஒரு டீ, "அது மேக்கப் கண்ணு" என்று நாம் நூறு தடவை சொல்வதைவிட மேலானது. வீட்டுக்கு வந்ததும் பவுடரும் கண்மையும் கொடுத்து, அப்பாவுக்கு வேஷம் போடச் சொல்லுங்கள். அப்பா கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மாசியில் அங்காளம்மன் கோயில்களில் நடக்கும் மயானக் கொள்ளைக்கு, ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் பிள்ளையை அந்த ஆண்டு கூட்டிப்போகாதீர்கள். காளி வேஷம் திடீரென்று கூட்டத்துக்குள் பாய்ந்து வருவதற்கும் ஒப்பனையை நிதானமாகப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இருட்டும் கொல்லைப்புறமும்

பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லையில் இருக்கும். தனியாகப் போகமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடிக்கும். முழுக்க விட்டுக்கொடுப்பதும் தவறு, 'தனியாகப் போ, பயம் தெளியும்' என்று தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவதும் தவறு. சில நாள் கூடவே போங்கள். பிறகு கதவருகே நில்லுங்கள். பிறகு கிணற்றடியில் நின்று பேச்சுக் கொடுங்கள். பிறகு அடுக்களையிலிருந்து குரல் மட்டும். ஒரு கட்டத்தில் பின்வாங்கினால் முந்தைய கட்டத்துக்குப் போங்கள், திட்டாமல். டார்ச் பிள்ளையின் கையில் இருக்கட்டும், உங்கள் கையில் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் தலைமாட்டிலேயே ஒரு டார்ச் வையுங்கள்.

வீட்டில் கேலிக்குத் தடை போடுங்கள். ஒளிந்திருந்து 'பே' என்று கத்தும் மாமா, சாப்பிடாவிட்டால் 'பூச்சாண்டி வருவான்' என்று மிரட்டும் பாட்டி, பேய்க் குரலைக் கைப்பேசியில் போட்டுக் காட்டும் அண்ணன். இவர்களிடம் பேசுவது பிள்ளையிடம் பேசுவதைவிடக் கடினம், ஆனால் இதைச் செய்யாமல் மேலே சொன்ன எதுவும் நிற்காது.

இனி எதைக் காட்டுவது?

தணிக்கைச் சான்றிதழைப் படியுங்கள். பழைய யு/ஏ பிரிவு இப்போது மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த மாற்றம் இது. 'ஏ' படத்துக்குத்தான் 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. யு/ஏ எண்கள் பெற்றோருக்கான அறிவுரை மட்டுமே, தியேட்டர் வாசலில் அதற்காக யாரும் தடுக்கமாட்டார்கள். தடுக்க வேண்டியவர் டிக்கெட் எடுக்கும் நீங்கள். சந்தேகமான படம் என்றால் ஓர இருக்கை வாங்குங்கள். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டாலோ, மடியில் முகம் புதைத்தாலோ எழுந்து வெளியே வாருங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.

வீட்டில், இணையத் திரைத் தளங்கள் 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதி தர வேண்டும் என்பது 2021 முதல் விதி. பூட்டு இருக்கிறது, போடுபவர்கள்தான் குறைவு. பிள்ளைக்குத் தனிக் கணக்கு, உங்கள் கணக்குக்குக் கடவுஎண், முன்னோட்டம் தானாக ஓடுவதற்கு நிறுத்தம் என மூன்றையும் ஒரே மூச்சில் செய்துவிடலாம். கைப்பேசியில் அடுத்தடுத்து ஓடும் குறுங்காணொளிகளை ஆறு வயதுக்காரர் கையில் தனியாகக் கொடுப்பதை என்னால் எந்த விதத்திலும் ஆதரிக்க முடியவில்லை. படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாத் திரையும் அணைய வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை, பகல் தூக்கத்தையும் சேர்த்து. ஆறு முதல் பன்னிரண்டு வரை 9 முதல் 12 மணி நேரம். தூக்கம் குறைந்த பிள்ளைக்குத்தான் இரவுத் தொல்லை அதிகம்.

'நாங்களும்தான் சின்ன வயதில் பார்த்தோம், என்ன ஆகிவிட்டது?' என்று கேட்பவர்களுக்கு: 1999-இல் கேன்டரும் கிறிஸ்டன் ஹாரிசனும் கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோது, சுமார் 90 சதவீதம் பேர் இளமையில் திரையில் பார்த்த ஒன்று பார்த்து முடித்த பிறகும் தங்களை வாட்டியதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அதன் மிச்சம் அப்போதும் இருந்தது. குளியலறைக் கதவைப் பாதி திறந்துவைத்துத் தலைக்குக் குளிக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களும் அந்தக் கிரேயான் வேலையைச் செய்து பார்க்கலாம்.

மருத்துவரிடம் எப்போது?

வாரத்தில் பல இரவுகள், ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால். பள்ளிக்குப் போக மறுத்தால், சாப்பாடு குறைந்தால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால். பலமாகக் குறட்டை விட்டு, மூச்சுத் திணறி எழுந்தால் (அது மூக்கு, தொண்டைச் சிக்கலாக இருக்கலாம்). கனவு எந்தப் படத்தோடும் ஒட்டாமல், குறிப்பிட்ட ஓர் ஆளையோ இடத்தையோ கண்டு பகலிலும் பிள்ளை ஒடுங்கினால், யாரேனும் துன்புறுத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும், அதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

நம் கடற்கரையில் இன்னொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அலைக்குப் பின்னும், 2011 தானே புயலுக்குப் பின்னும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கொட்டிய வெள்ளத்துக்குப் பின்னும் பிள்ளைகள் கண்டது படத்தின் நிழல் அல்ல, நடந்தது. உண்மையில் நடந்ததைக் கனவு காணும் பிள்ளைக்கு வீட்டு வைத்தியம் போதாது, காத்திருக்க வேண்டாம்.

மருந்துக் கடையில் கேட்டு, தூங்கவைப்பதற்காக இருமல் மருந்தோ சளி மருந்தோ கொடுக்கவே கூடாது.

புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரின் மனநலப் பிரிவு, கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றை அணுகலாம். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனை எண்; 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். போகும்போது பழைய பள்ளி நோட்டு ஒன்றில் இரண்டு வாரக் குறிப்பு எடுத்துச் செல்லுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு அலறியது, விழித்திருந்ததா, காலையில் நினைவிருந்ததா, அன்று சாயங்காலம் என்ன பார்த்தது. மருத்துவர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.